ஆண்டைத் திருத்தும் பியோ மிரியோங்

‘1987 போல’ என்று யாராவது எழுதிவிட்டால் பியோ மிரியோங்கின் சிவப்புப் பென்சில் அங்கேயே நின்றுவிடும். தாளின் ஓரத்தில் கோடு கிழித்து, எது ஒத்துப்போகிறது, எது வேறு என்று இரண்டு பக்கமாக எழுதச் சொல்வார். ‘வேறு’ காலியாக இருந்தால் தாள் அச்சுக்குப் போகாது. தலைநகர் சியோலில் வெளிவரும் எங்கள் வாரப் பத்திரிகையில் அவருக்குச் சம்பளம் எழுத்துப் பிழை பார்க்கத்தான். வரலாற்றுப் பிழை பார்க்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

கையில் மை படாமல் பூப்போட்ட உறை மாட்டியிருப்பார். மதியம் கிம்பாப் என்ற சோற்றுச் சுருளின் முனைத் துண்டுகளைத்தான் முதலில் தின்பார். “அதுலதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்” என்பார். தோங்யோங் துறைமுகத்தில் மீன் சுற்றி வந்த பழைய பேப்பரைப் படித்து வளர்ந்தவர். நானோ, பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். பத்தொன்பது வருடமாக முதல் கட்டுரை என்னுடையது. ஒளிப்பானேன், அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

2024 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்து, படை உள்ளே நுழைந்தபோதும் சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு அதைத் தள்ளிய வாரம். இது எந்த ஆண்டைப் போன்றது என்று சிறப்பிதழுக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆசிரியர் கோங், ஊர்வலத்தை ராணுவம் சுட்டு அடக்கிய 1980 என்றார். நான், மக்கள் தெருவில் திரண்டு சர்வாதிகாரத்தைப் பணியவைத்த 1987 என்றேன்.

மிரியோங் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. “எண்பதுல கோங் சாருக்கு இருபது வயசு. எண்பத்தேழுல கூ சாருக்கு இருபது. ரெண்டு பேரும் அவங்கவங்க வாலிபத்தத்தான் தேடுறீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“அப்ப நீங்களே சொல்லுங்களேன், எந்த வருஷம்?” என்றேன் குத்தலாக.

“அம்பத்திரண்டு. போர்க்காலத்துல தலைநகரா இருந்த பூசான். ஊர்வலத்த அடக்கவா இப்ப ராணுவம் வந்துச்சு? அன்னிக்கும் நாடாளுமன்றத்துல ஓட்டுப் போடுறவங்க மேலதான் கண்ணு. எம்.பி.ங்க இருந்த பஸ்ஸயே கிரேன் வெச்சு இழுத்துட்டுப் போனாங்க. தெருவையே பாத்துட்டிருந்தா ஏமாந்துடுவோம் சார். அந்தக் கட்டடத்துக் கதவப் பாக்கணும்.”

“முதல் கட்டுரை இதுதான்” என்று கோங் மிரியோங் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறக்குமுன், “நான் எழுதிடறேன்” என்றேன்.

எழுதினேன். பூசானை எழுதினேன், பஸ்ஸை எழுதினேன். அவர் பெயரை எழுதவில்லை. மறுநாள் காலை அச்சுப்படி வழக்கம்போல அவர் மேசைக்கே போனது. ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

“ஒண்ணு விட்டுப்போச்சு, சார். அன்னிக்கு போலீஸ் சுத்தி நிக்க, எம்.பி.ங்க எழுந்து நின்னு அதிபர் கேட்டபடியே ஓட்டுப் போட்டுப் பணிஞ்சாங்க. இந்த வாட்டி பணியல. இது இல்லேன்னா ஒப்பிட்டு என்ன பிரயோஜனம்? சேத்துக்கோங்க.”

அதையும் கொடுத்துவிட்டார். கட்டுரையிலேயே நல்ல வரி அதுதான் என்பது வேறு என்னைக் குடைந்தது.

பென்சில் கீழே இறங்கி, கட்டுரையடியில் இருந்த என் முழுப்பெயரில் வந்து நின்றது. அதன் மூன்று கொரிய எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிழை இல்லை என்று சிவப்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.