கண் தெளிந்த மாதம்

நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய கோழிப்பண்ணை. முட்டை பிரிப்பது என் மனைவியின் வேலை. விரிசல் விட்ட முட்டை அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. ஒரு கோடையில், முட்டை ஏற்ற வரும் வண்டிக்காரர் விரிசல் முட்டை கலந்து வருகிறது என்று தொடர்ந்து குறை சொல்ல ஆரம்பித்தார். அவளிடம் கேட்டேன்.

"வலது கண்ணுல புகை மூட்டமா இருக்குதுங்க. தூசின்னு நெனச்சேன்" என்றாள்.

சர்க்கரை நோய் அவளுக்குப் பல வருடமாக இருந்தது. சேலத்தில் எல்லா டாக்டர்களும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கண் டாக்டரிடம் போனோம். மருந்து விட்டு உள்ளே பார்த்தவர், விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கசிகின்றன, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணுல ரத்தக்குழாய் இப்படிக் கெட்டிருந்தா, இதயத்துலயும் மூளையிலயும் கெட்டிருக்க வாய்ப்பு இருக்கு. எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்லல. ஆனா மாரடைப்பு, பக்கவாதம் வர்ற ஆபத்து மத்தவங்களைவிட அதிகம். இதய டாக்டரையும் சீக்கிரம் பாத்துடுங்க."

வெளியே வந்ததும் நான் அதைப் பற்றிப் பேசினேன்.

"நெஞ்சு வலிக்கவே இல்லீங்களே. மொதல்ல கண்ணு தெரியட்டும்" என்றாள்.

மாதம் ஒரு ஊசி போட்டோம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு புகை விலகியது. கண் டாக்டரின் எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரியைப் படித்துவிட்டுக் குழந்தைபோலச் சிரித்தாள். இதய டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். அந்த வாரம் பண்ணையில் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. "குஞ்சு தேறட்டும், வாரேன்" என்றாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மூச்சு வாங்குகிறது என்றாள். தீவன மூட்டை நகர்த்திய அசதி என்று இருவருமே நினைத்தோம். மறுநாள் காலை அடுப்படியில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்புள்ள, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க. கெறக்கமா வருது."

கார் நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். நேற்றே தொடங்கியிருக்கலாம் என்றார்கள். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு வலி தெரியாமலே வருமாம். மூச்சு வாங்குவதும் வேர்ப்பதும்தான் அறிகுறியாம். அதை அங்கிருந்த டாக்டர் எனக்கு விளக்கியபோது, அவளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

எங்கள் மகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை வந்து, இன்னும் இருக்கிறது. கண்ணில் ஒரு குறையும் இல்லை, எதற்கு அலைச்சல் என்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சேலத்துக்கு அழைத்துப் போனேன். அதே டாக்டர், அதே இருட்டறை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் சின்னச் சின்னப் புள்ளியா ரத்தக்கசிவு தெரியுது. தொடக்கம்தான், பயப்படாதீங்கம்மா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மருந்து விட்ட கண்கள் கூச, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இதய டாக்டரு எந்த மாடியிலங்க இருக்காரு?" என்று கேட்டாள்.