சூடு தெரியுதா?

“மிஷின் ஓடுதா, இல்ல நீ சும்மா தடவுறியா? அதை மட்டும் சொல்லு!”

“கத்தாதீங்கக்கா. வெளியே ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க.”

“உட்காரட்டும்! அவங்களுக்கும் தெரியட்டும். ஆறு தடவை வந்துட்டேன். ஒரு தடவையாவது சூடு தெரிஞ்சுதா? போன வருஷம் இடது தோளுக்கு இதே மிஷின்லதானே வச்சே? வெதுவெதுன்னு உள்ளே இறங்குச்சு. இப்போ ஐஸ் மாதிரி ஜெல்லைப் பூசி, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு அனுப்புறே!”

இந்தச் சண்டையை என் காதால் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. முழங்கால் வலிக்காக வரிசையில் இரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன்; நடுவில் ஒரு பச்சைத் திரை, அவ்வளவுதான். மிச்சக் கதையை, திரைக்குள் மிஷினைப் பிடித்து நின்ற பெண்ணே பிறகு என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். இதில் நான் இட்டுக்கட்டியது ஒரு சொல்கூட இல்லை. நம்பாதவர்கள் போய் அவள் உள்ளங்கையைப் பார்க்கட்டும்.

அவளை எங்கள் தெருவில் ‘கைராசி’ என்போம். மருந்துக்கடை மாடியில் இருக்கும் பிசியோதெரபி சென்டரில் அவள்தான் எல்லாம். அங்கே ஒரு அல்ட்ராசவுண்ட் மிஷின். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற மிஷின் இல்லை, வலிக்கு வைப்பது. ஜெல்லைத் தடவி, குமிழ் மாதிரி இருக்கும் அதன் தலையை வலிக்கிற இடத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டும். ஏழு நிமிடம். ஒரே இடத்தில் நிறுத்தினால் எலும்பு வரை சுட்டுவிடும். அதனால் கை நிற்கவே கூடாது.

கைராசி தினமும் காலையில் அந்தத் தலையை நிமிர்த்தி, மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். மிஷின் உயிரோடு இருந்தால் தண்ணீர் நடுங்கும். இரண்டு மாதமாக மிஷினில் எண்கள் மட்டும் ஓடின; தண்ணீர் நடுங்கவில்லை.

டாக்டரிடம் சொன்னாள். “தேய்ச்சுக்கிட்டே இரும்மா. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் அவர். இவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளைக்கு அந்த டாக்டர் சொந்தச் சித்தப்பா. “தாலி ஏறுற வரைக்கும் வாயைத் திறந்துடாதேடி” என்று அம்மாக்காரி காலில் விழாத குறை. ஆக, கைராசி வாயை மூடிக்கொண்டு கையைச் சுற்றினாள்.

யாருக்கும் தெரியவில்லைதான். என் முழங்காலுக்கும் அதே மிஷின். ‘என்ன சூடு, என்ன சுகம்!’ என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தவளே நான்தான்.

திரைக்குள் கத்திய டெய்லர் அக்காவுக்கு மட்டும்தான் தெரிந்தது. இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்தவள் ஆயிற்றே. அவளுடைய வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. துணி வெட்ட முடியாமல் கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது.

சண்டை நடந்த அந்த வியாழக்கிழமை, மாட்டிக்கொண்டால் கல்யாணமே போய்விடும் என்ற பயத்தில், கைராசி குரலை உயர்த்தினாள். “மிஷின் நல்லாத்தான் ஓடுதுக்கா. உங்க தோள்தான் மரத்துப் போச்சு. எல்லாருக்கும் தெரியுற சூடு உங்களுக்கு மட்டும் தெரியலைன்னா நான் என்ன பண்றது?”

வெளியே எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

டெய்லர் அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“சூடு தெரியாமப் போறதுக்கு, நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றாள். “இன்னும் நாலு தடவை இருக்கு. தெரியுற வரைக்கும் விடமாட்டேன்.”

படியிறங்கிப் போனாள். நான் அன்று மாலையே என் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். நான் மட்டும் தெருவில் இருந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. செய்தி திங்கட்கிழமையே கைராசி காதுக்குப் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை. மாலை மணி 4.10. நல்ல மழை. வரிசையில் ஆளே இல்லை. டாக்டரும் இல்லை.

திரை அசைந்தது. டெய்லர் அக்கா.

சிகிச்சை அட்டையை மேஜையில் வைத்தாள். பத்துக் கட்டம் போட்ட அட்டை. தடவைக்கு ஒரு கட்டம், அதில் கைராசியின் கையெழுத்து. ஏழாவது கட்டத்தில் கைராசி கையெழுத்துப் போட்டாள். சண்டை வரவில்லையே என்ற நிம்மதியில் வேறு எதையும் அவள் கவனிக்கவில்லை.

பிறகுதான் கவனித்தாள். வெளியே கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் வந்தவளின் புடவை நனையவில்லை. கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவும் இல்லை.

டெய்லர் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலது கையைத் தூக்கிக் கூந்தலை ஒதுக்கினாள். கை காதைத் தாண்டிப் போயிற்று.

“அக்கா! கை நல்லா எழும்புதே!”

“இப்போ வலி இல்லை.”

4.12. ஏழு நிமிடம் வைத்து மிஷினை ஓட்டினாள். ஜெல் பட்டால் யாருக்கும் உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். இந்தத் தோள் அசையவில்லை. தேய்க்கத் தேய்க்க இளகவேண்டிய ஜெல் இளகவும் இல்லை. போட்டபடியே... கெட்டியாக... சில்லென்று...

4.16.

டப்.

கரண்ட் போயிற்று. மின்விசிறி கிர்ர்ர்... என்று முனகி நின்றது. எல்லாம் நின்றது.

மிஷினைத் தவிர.

அதில் பேட்டரி கிடையாது. ஆனாலும் இருட்டில், மிச்ச நேரம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடின. 2.59... 2.58...

கையில் பிடித்திருந்த தலை மெல்ல வெதுவெதுத்தது. இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த தலை.

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“சூடு... தெரியுதாக்கா?”

“இப்போ தெரியுது.”

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. சுற்றப் பார்த்தாள். சுற்றவில்லை. தலை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது.

“அக்கா... சுடும்க்கா... விடுங்க...”

“ரொம்பத் தெரியுது.”

முடி கருகும் வாசனை.

0.03... 0.02...

பீப்.

வெளிச்சம் வந்தது. மணி 4.19.

கட்டிலில் யாரும் இல்லை. மேலே விரித்த காகிதத்தில் ஒரு கசங்கல்கூட இல்லை. மேஜையில் அட்டையும் இல்லை. கைராசியின் வலது உள்ளங்கையில் மட்டும் வட்டமாக ஒரு கொப்புளம்.

மறுநாள் காலை 11 மணிக்கு டெய்லர் அக்காவின் தம்பி வந்து மேஜையில் அட்டையை ஓங்கி அடித்தான்.

“ஆள் வராமலே வந்ததா எழுதுவீங்களா? ஏழாவது கட்டத்துல யாரு கையெழுத்து இது?”

“நேத்து... அக்கா வந்தாங்களே.”

“யாரு வந்தா? ஞாயித்துக்கிழமை மாடிப்படியில தவறி விழுந்தா. பிடிச்சுக்கிற கம்பி வலது பக்கம். பிடிக்கத்தான் பார்த்தா... கை எழும்பலை. திங்கட்கிழமை விடியக்காலம் போயிட்டா.” அவன் அட்டையைக் கையில் எடுத்தான். “நேத்து இந்த அட்டை என் சட்டைப்பையில இருந்துச்சு. நான் மின்தகன மேடையில நின்னுட்டு இருந்தேன்.”

கைராசி உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தாள். “எத்தனை மணிக்குண்ணா?”

“உள்ளே தள்ளினப்போ நாலு பத்து.”

அந்த வாரமே மெக்கானிக் வந்து மிஷினின் தலையைப் பிரித்தான். உள்ளே அதிர்வைக் கொடுக்கிற வட்ட வில்லை இரண்டாக உடைந்திருந்தது. “இது ரெண்டு மாசமா பொணம் மேடம். இதுல எப்படிச் சூடு வரும்?” என்றான். நான் மகள் வீட்டிலிருந்து திரும்பிய அன்றே கைராசி என் அடுக்களைக்கு வந்தாள்.

தம்பிக்காரன் தையல் கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போனான். டாக்டர் வேறு பேட்டையில் இதைவிடப் பெரிய போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டார். கூட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கைராசிக்குக் குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அவளும் தூரத்து ஊருக்குக் குடித்தனம் போனாள்.

போன மாதம் அவள் மாமியார் என்னைப் போனில் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பெண்ணுக்கு ஏதாவது கோளாறு உண்டா என்று துருவினாள். கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைக்கிறாளாம். தோல் உரிந்து தொங்கினாலும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். கேட்டால் ‘தெரியலையே அத்தை’ என்கிறாளாம்.

“எந்தக் கை?” என்றேன்.

“வலது கை. எல்லாம் வேலைக்குப் பயந்து நடிப்புங்க” என்றாள் மாமியார். “சூடு தெரியாமப் போறதுக்கு, இவ என்ன செத்தா போயிட்டா?”