தூண் நாற்காலியிலிருந்து பார்த்த கோல்

பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விளையாட்டு நிருபருக்குக் கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாதாம். இந்தச் சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அண்ணி. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெண் சொன்னாளாம். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"அந்த நிருபர் எங்க வீட்டுப் பொண்ணுதான்னு அந்தம்மாவுக்குத் தெரியல," என்றபடி அண்ணி செருப்பைக் கழற்றினாள். "நானும் 'அப்படியா, அநியாயமா இருக்கே'ன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"தலையாட்டினீங்களா அண்ணி?"

"பின்னே? இருமிக்கிட்டு நிக்கிறவகிட்ட மல்லுக்கா நிக்கச் சொல்ற?"

சின்னவள் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே நிறுத்திக்கொண்டாள். வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் எல்லோருக்கும் அவள் சின்னவள். இருபத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் பெரிதாகவில்லை. போன மாதம்வரை அதே பத்திரிகையின் உள் அறையில் இரங்கல் விளம்பரங்களுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லாத வேலை. இறந்தவர்கள் யாரும் மறுநாள் காலையில் போன் போட்டுச் சண்டைக்கு வருவதில்லை. பழைய விளையாட்டு நிருபர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, கேன்டீன் டிவியில் யாராவது பந்து உதைத்தால் இவள் சோற்றை மறந்துவிடுவதைக் கவனித்திருந்த விளையாட்டுப் பக்க ஆசிரியர், "ஒரு மாசம் பார்ப்போம்" என்று இவளை வெளியே இழுத்துப் போட்டார். அந்த மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது.

அவரை அலுவலகத்தில் கத்தரி என்பார்கள். பத்து வரி கொடுத்தால் நாலு வரிதான் மிஞ்சும். முதல் நாளே அவர் சொல்லிவைத்திருந்தார்: "தப்பா எழுதினா திருத்திக்கலாம். தனியா எழுதிட்டு வந்து நின்னா என்னால காப்பாத்த முடியாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று மைதானத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது.

அது இரண்டாம் நிலை லீக். கேமரா கிடையாது, பெரிய திரை கிடையாது. புகைப்படக்காரர்கள் முதல் பாதியிலேயே நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோல் யார் அடித்தது என்று சந்தேகம் வந்தால், ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் நாலு பேரும் தலையோடு தலை சேர்த்துப் பேசி ஒரு பெயரை முடிவு செய்வார்கள். நாலு பத்திரிகையிலும் அதே பெயர் வரும். ரெஃப்ரியின் அறிக்கை மறுநாள் சாயங்காலம்தான் லீக் அலுவலகத்துக்குப் போகும். அவரும் மனிதர்தானே, காலையில் பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு அதே பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பெயரை முடிவு செய்வதில் கடைசி வார்த்தை வேறொரு பத்திரிகையின் நிருபருடையது. பட்டப்பெயர் தீர்ப்பு. அவரையும் மற்ற மூத்தவர்களையும் தாண்டி, நிருபர்கள் உட்காரும் மாடத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதன் எதிரே ஒரு தூண். புதிதாக வருபவர்களுக்கு அதுதான். அதில் உட்கார்ந்தால் இடது பாதி மைதானம் சுத்தமாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் தோளில் சாய்ந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் வலது பக்கத்து கோல் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல நேராகத் தெரியும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம் அந்த வலது கோலில்தான் முடிந்தது. கடைசி நிமிடங்களில் சாரல் மாடத்துக்குள் அடித்தது. கார்னர் உதை. சொந்த ஊர் அணியின் ஒன்பதாம் நம்பர் எம்பினான். எதிரணித் தடுப்பாளன் நாலாம் நம்பரும் எம்பினான். மற்ற நிருபர்களுக்கு எதிரே முன்வரிசையில் யாரோ குடை விரித்தார்கள். மாடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டுவதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. ஒன்பதாம் நம்பருக்கு அது ஐம்பதாவது கோல். '50' என்று எழுதிய துணிப் பதாகை தயாராக இருந்தது. அரங்கமே எழுந்து ஆடியது.

சின்னவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். பந்து ஒன்பதாம் நம்பரின் தலைக்கு மேலே போனதையும், நாலாம் நம்பரின் முழங்காலில் பட்டுத் திரும்பியதையும் அவள் பார்த்தாள். சேம் சைடு கோல்.

"ஒம்பது. தலையால. சரிதானே?" என்று பேனாவை மூடினார் தீர்ப்பு.

"சரி, சரி," என்றார்கள் மற்ற இருவரும்.

"இல்ல சார்... நாலாம் நம்பரோட முழங்கால்ல பட்டுத்தான்..."

தீர்ப்பு நிதானமாகத் திரும்பினார். "தூணைத் துளைச்சுக்கிட்டுப் பார்த்தியாம்மா?"

பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது.

"இந்தப் பக்கம் தூண் மறைக்காது சார்."

"மறைக்காதா? சரி, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தியே, அப்பவும் தெரிஞ்சுதா?"

அவள் கை கண்ணாடிக்குப் போனது. துடைத்தது உண்மைதான். சாரலில் ஒன்றும் தெரியாமல் துப்பட்டாவால் துடைத்து மாட்டினாள். கோலுக்கு முன்புதான். முன்புதானே?

"எல்லாரும் ஒண்ணா எழுதினா அதுதாம்மா நடந்தது. ஆளுக்கு ஒண்ணு எழுதினா, நாம யாருமே ஆட்டத்தைப் பாக்கலன்னு ஆயிடும்," என்றார் தீர்ப்பு. அவர் குரலில் கோபமே இல்லை. "யோசிச்சுப் பாரு, யாருக்கு என்ன நஷ்டம்? இவனுக்கு ஐம்பது. அந்தப் பையனுக்கு மானம் மிச்சம்."

நியாயமாகத்தான் பட்டது. அதைச் சொல்லிக்கொண்டேதான் படியிறங்கினாள். வீரர்கள் வெளியே வரும் வாசலில் நாலாம் நம்பர் ஈரத் தலையோடு, தோளில் பையோடு வந்தான். போன வாரம் ஆட்டத்துக்கு முந்தைய குறிப்பில் அவனைப் பற்றி ரெண்டு வரி எழுதியிருந்தாள். அதை அவன் அம்மா கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பதாக அவனே போன் செய்து சொல்லியிருந்தான். "எதுன்னாலும் கூப்பிடுங்கக்கா" என்றும் சொல்லியிருந்தான். தூரத்தில் பார்த்தாலே "அக்கா" என்று கூப்பிடுகிற பையன், அன்று அவளைக் கண்டதும் சட்டென்று குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவது போல எதையோ செய்தான். அவன் காலில் கிடந்தது செருப்பு.

அந்தச் செருப்புதான் அவளை எழுத வைத்தது. அலுவலகத்துக்கு வந்து முதலில் ஒன்பது என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். கடைசியில் நாலு என்று அடித்து, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டாள். கத்தரிக்கு அன்று விடுமுறை. அவருக்குப் பதிலாகப் பக்கம் பார்த்தவர், "பேர்ல எழுத்துப் பிழை இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை காலை அண்ணி கடைக்குப் போய் நாலு பத்திரிகையையும் வாங்கி வந்து மேசையில் விரித்தாள். மூன்றில் ஒன்பதாம் நம்பர் ஏதோ பழைய படத்தில் கையை விரித்துக்கொண்டு ஓடினான்.

"உன் பேப்பர்ல மட்டும் வேற ஆட்டம் நடந்திருக்கே சின்னவளே!"

"அண்ணி, விளையாடாதீங்க."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "நீ பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

"பார்த்த மாதிரிதான் இருக்கு அண்ணி."

வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் அது எவ்வளவு இளைத்துவிட்டது என்று தெரிந்தது. பேருந்தில் போகும்போது அந்தக் காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முழங்கால் கொஞ்சம் மங்கியது. கண்ணாடியைத் துடைத்த துப்பட்டா மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எதிர் இருக்கையில் ஒருவர் விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தார். அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தாள்.

கத்தரி திட்டவில்லை. உட்காரச் சொல்லி ஒரு கிளாஸ் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அவர் யாருக்கும் தண்ணீர் கொடுத்து அவள் பார்த்ததில்லை. அவள் ஒரே மடக்கில் குடித்து வைத்தாள்.

"நம்ம ஊர் கிளப்புலருந்து போன் வந்துச்சு. ஐம்பதாவது கோலைத் திருடிட்டோமாம். முதலாளி சாயங்காலம் என்னைக் கூப்பிட்டிருக்கார். ஆஃப்சைடு தெரியாத ஆளை ஏன் எடுத்தேன்னு அவர் காதுலயும் யாரோ ஓதியிருக்காங்க."

"தெரியும் சார். ஆஃப்சைடு எனக்கு நல்லாத் தெரியும்."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்னு. இப்ப பேச்சு அது இல்ல. ரெஃப்ரி இன்னும் அறிக்கை அனுப்பல. மூணு பேப்பர் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். அவர் எந்தப் பக்கம் சாய்வார்னு நான் சொல்லணுமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"உண்மை ஒருத்தனுக்குத்தான் தெரியும். எவன் முழங்கால்ல பட்டுச்சோ அவனுக்கு. அவனைக் கூப்பிடு. ஆமான்னு அவன் வாயால சொல்லிட்டா, நாளைக்கு அவன் பேச்சையே போட்டுடறேன். உன் வேலைக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா 'வருந்துகிறோம்'னு ரெண்டு வரி. அதுக்கப்புறம் உன்னை உள் ரூமுக்குக்கூட என்னால கேட்க முடியாதும்மா."

"அவன் ஆமான்னு சொன்னா... அவனுக்கு என்ன சார் ஆகும்?"

அவனுடைய கிளப்பில் அடுத்த வருஷத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று இந்த வாரம்தான் முடிவு செய்கிறார்கள். அது இருவருக்குமே தெரியும். கத்தரி மேசை மேல் கிடந்த பேனா மூடியை எடுத்து, பேனாவைத் தேடினார்.

"அதை என்கிட்ட கேக்காதே," என்றார் கடைசியில். "போய்ப் பேசு."

மாடிப்படித் திருப்பத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கீழே அச்சுக்கூடத்தில் யாரோ காகித உருளையைத் தள்ளும் சத்தம். சின்னவள் சுவரோடு ஒட்டி நின்று போனை எடுத்தாள். பெயரைத் தேடிப் பிடித்த பிறகும் விரல் இறங்க மறுத்தது. என்னவென்று கேட்பது? தம்பி, நீ என் வேலையைக் காப்பாத்து, உன் வேலை போனாலும் பரவாயில்லை என்றா? கேட்டாலும் அவன் இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்போது நிஜமாகவே தான் எதையும் பார்க்கவில்லையோ? அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். கண் போனால்?

அழுத்தினாள்.

மணி அடித்தது. அவன் போன் எங்கே கிடக்கும்? பைக்குள்ளா, சாப்பாட்டு மேசையிலா, அந்த ஃப்ரிட்ஜின் மேலா? திரையில் தன் பெயரை என்னவென்று போட்டு வைத்திருப்பான், பேப்பர் அக்கா என்றா? இந்நேரம் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறானா?

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை, துண்டிக்கவும் இல்லை. எடுத்துவிடு என்று ஒரு மணிக்கும், எடுத்துவிடாதே என்று அடுத்த மணிக்கும் அவள் மனது மாறி மாறிக் கெஞ்சியது. மூச்சு பட்டு மூக்குக்கண்ணாடி மங்கியது. துடைக்கலாம் என்று கை தானாக எழுந்தது. துடைக்கிற நேரத்தில் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்து, அப்படியே இறக்கிக்கொண்டாள்.

மேலே கத்தரியின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.