என் பெயரில் பதினோரு சான்றிதழ்கள்

எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு ஆசிரியர் பயிற்சிக் கடிதம் வந்தால் முதல்வர் யோசிப்பதே இல்லை. வகுப்பு இல்லாத ஆள் எவனோ அவனை அனுப்பிவிடுவார். வகுப்பு இல்லாதவன் நான் ஒருவன்தான். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கொல்லிமலையில் இந்தக் கல்லூரி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று பீரோ, அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகம். நான்கு வருடத்தில் பதினோரு பயிற்சி. தையல் இரண்டு, இருசக்கர வாகனப் பழுது மூன்று, நோயாளி பராமரிப்பு இரண்டு. மிச்சம் நான்கும் எதைப் பற்றி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்குக் கண் போதாது.

நோயாளி பராமரிப்பு நடத்தும் ஆசிரியை இதே மலையில் எடப்புளி நாட்டுக்காரர். ஆறு வருடமாக நடத்துகிறார். ஒரு பயிற்சிக்கும் அவரை விட்டதில்லை. போனால் வகுப்பு நின்றுவிடுமாம். பயிற்சியில் எனக்குக் கொடுத்த இரண்டு புத்தகங்களையும் நூலகத்தில் பதிந்து வைத்தேன். அவற்றை ஒன்பது முறை எடுத்துப் போனவர் அவர் மட்டுமே. முதல்வர் பீரோ பக்கம் வந்ததே இல்லை.

இந்த வருடம் புது உத்தரவு. தன் பாடத்தில் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்களாம். நோயாளி பராமரிப்புக்கு மீதமிருந்தது சேந்தமங்கலத்தில் ஒரே ஒரு நாள் பயிற்சி. அதற்கும் முதல்வர் என் பெயரையே அனுப்பியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏனுங்க, அந்தம்மா வேலை போயிருமுங்க," என்றேன்.

"பாத்துக்கலாமுங்க. நீங்க போய்ட்டு வாங்க. மத்தியானச் சோறு போடறாங்கல்ல?"

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆசிரியையையும் ஏறச் சொன்னேன். பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியது. அடிவாரத்தில் ஆசிரியை கேட்டார். "உங்களுக்கென்னங்க சார், பதினொண்ணு வெச்சிருக்கீங்க. ஊட்டுச் செவுத்துல மாட்ட எடம் பத்துதுங்களா?"

சேந்தமங்கலத்தில் இறங்கினோம்.

பயிற்சி மண்டப வாசலில் பெயர் பதிகிறவர் பட்டியலை விரலால் தட்டினார். "உங்க பேருதானுங்க இருக்குது. அவங்க உள்ள உக்காரலாம். சான்றிதழ் வராதுங்க."

அங்கேயே நின்று முதல்வருக்குப் போன் போட்டேன். "நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க. பேர மாத்தி உங்க போன்லிருந்து கடுதாசி வந்தா, நம்ம காலேஜ் வந்ததா எழுதுவாங்க. இல்லாட்டி ஆளே வரலீன்னு மேல போகும். எதுன்னு சொல்லுங்க."

"வயசான காலத்துல எதுக்குங்க இந்த வீம்பு?"

"என் வயச விடுங்க. பத்தே காலுக்கு மலை பஸ். இன்னும் இருவது நிமிசம் இருக்குது."

ஏழாவது நிமிடம் கடிதம் வந்தது. கூடவே எனக்கு ஓர் உத்தரவு: ஆசிரியையின் அன்றைய மதிய வகுப்பை நான்தான் பார்க்க வேண்டும்.

ஆசிரியை தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லவில்லை. "இத ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாமுல்லீங்க சார்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். செய்திருக்கலாம். அப்போது இதே மண்டபத்தில், பயிற்சி மிகவும் பயனுள்ளது என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

மலைக்குத் திரும்பினேன். மதியம் வகுப்பில் பதினான்கு பெண்கள். பி.பி. பார்க்கும் பாடமாம். கருவியின் பட்டையைக் கையில் வாங்கி மூன்று தரம் திருப்பினேன். எந்தப் பக்கம் மேலே என்று தெரியவில்லை. இதே பாடத்துக்கு இரண்டு சான்றிதழ் வாங்கியவன்.

முன்வரிசைப் பெண் எழுந்து வந்தாள். "குடுங்க சார். கைய நீட்டுங்க." அளவாகச் சுற்றினாள், காற்றடித்தாள், ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக் கேட்டாள். "நூத்தி எழுவது, நூறு."

"அய்யோ! யாரு மேலங்க சார் இத்தன கோவம்?" என்றாள் பின்னால் ஒருத்தி. பதினான்கு பேரும் சிரித்தார்கள்.

"யாரும் பேசாதீங்க," என்று முதல் பெண் அதட்டினாள். "நீங்களும்தானுங்க சார். அஞ்சு நிமிசம் சும்மா உக்காருங்க. ரெண்டாந்தடவையும் பாத்துட்டுத்தான் எழுதோணும்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க."

கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிடம் கண்ணைத் திறந்தபோது, ஜன்னலில் முதல்வர் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை நூற்று எழுபத்தெட்டு.