உப்புச் சுவரின் அந்தப் பக்கம்

1. உரிந்து நின்ற அறை

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் நான் எடுத்த கொத்து வேலைகளில் என்னைப் படுத்தி எடுத்தது மெஹருன்னிசாம்மா வீட்டு நடுச்சுவர். கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய வீடு. அவருடைய அப்பா தோல் வியாபாரி. உப்பு தடவிய பச்சைத் தோலை வீட்டு முன்னறையிலேயே அடுக்கி வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. அவர் காலமான பிறகு வீடு இரண்டு பாகமானது. சுவருக்கு இந்தப் பக்கம் மெஹருன்னிசாம்மா, அந்தப் பக்கம் அவர் அண்ணன் காதர் பாய். பாகப் பிரிவினையில் வந்த மனத்தாங்கலில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

மெஹருன்னிசாம்மா கணவரை இழந்தவர். வளையலை விற்றுத் தையல் மெஷின் வாங்கியிருந்தார். ஷூவின் மேல்தோலை, அதாவது அப்பரை, தைக்கும் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. அறையைப் பார்க்க வந்த சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துவிட்டார்.

"இந்த ஓதத்துல தோலு வச்சா கறை புடிச்சுடும்மா. மழைக்குள்ள சுவத்த சரி பண்ணுங்க. இல்லன்னா வேற வீட்டுக்குக் குடுத்துடுவோம்."

அதன் பிறகுதான் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். சிமெண்டுப் பூச்சு பட்டை பட்டையாக உப்பி நின்றது. எனக்கு முன்னால் வந்தவர்கள் உதிர உதிர அதன் மேலேயே பூசிவிட்டுப் போயிருந்தார்கள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது.

"இன்னா மேஸ்திரி, சுவத்தப் போயி தின்றீங்க?"

"உங்கப்பா அடுக்கின தோலோட உப்பும்மா இது. கல்லுக்குள்ள போய் உக்காந்துகிச்சு. சிமெண்டு போட்டு மூடினா உள்ளாற இருந்து தள்ளிகிட்டேதான் இருக்கும். மொத்தமும் உரிச்சாதான் வழி."

"உரிங்க. ஆனா மழைக்குள்ள முடிச்சுடணும். எனக்கு வேற போக்கிடம் இல்ல."

2. சுவருக்குப் பத்து

உளி வைத்துச் சிமெண்டை உரித்தேன். கல் இடுக்கில் மாவாகிக் கிடந்த பழைய காரையைக் கம்பியால் சுரண்டினேன். பிறகு வீங்கின காலுக்குப் பத்து போடுவது போல, களிமண்ணும் மணலும் குழைத்துச் சுவர் முழுக்க அப்பினேன். காயும்போது உள்ளிருக்கும் உப்பு அந்த மண்ணுக்கு வந்துவிடும். அதைப் பெயர்த்துத் தூரக் கொட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். கொத்து வேலையிலேயே இவ்வளவு அலுப்பான வேலை வேறில்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "மேஸ்திரி குடிசை போட்றாரா?" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

சுவரின் மேல்பாதி தெளிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் எத்தனை தடவை பத்து போட்டாலும் மண் வெள்ளை பூத்தே காய்ந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கேவலம் ஒரு சுவர் என்னை ஜெயிப்பதா என்று வீம்புக்கு இன்னொரு முறை அப்பினேன். அதுவும் வெள்ளைதான். பழைய உப்பாக இருந்தால் இதற்குள் தீர்ந்திருக்க வேண்டும்.

"அந்தப் பக்கம் இன்னா இருக்கும்மா?"

"அண்ணன் இன்னமும் தோலுதான் போட்டு வெச்சிருக்காரு. ஏன்?"

அதுவரை அந்த அம்மாவும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பக்கத்து அறையில் தோல் இருப்பது ஒரு செய்தியாகவே படவில்லை.

3. காதர் பாயின் கிடங்கு

போய்ப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி இடுப்பு உயரத்துக்குத் தோல் அடுக்கியிருந்தது. அதிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் சுவரடியில் தேங்கி நின்றது.

"பாய், இத ரெண்டடி தள்ளி வைங்க. அடியில மேடை கட்டி, தண்ணி வெளிய போக வாட்டம் குடுத்துட்றேன்."

"என் எடத்துல நான் வெக்கறேன், உனக்கு இன்னா பேஜாரு? அவ சொல்லி அனுப்பினாளா?"

எனக்கும் கோபம் வந்தது. ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. திரும்பி வந்து, "நீங்கதாம்மா கேக்கணும்" என்றேன். மெஹருன்னிசாம்மா மெஷினை ஒரு முறை பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். நான் பின்னால் போனேன். அண்ணனும் தங்கையும் உருதுவில்தான் பேசினார்கள். இந்த ஊரில் வேலை செய்கிறவனுக்கு அது புரியும்.

"பாகம் பிரிக்கறப்ப ரூமைத்தான் பிரிச்சோம் பாய்ஜான். சுவத்த பிரிக்கல. அது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

காதர் பாய் தோல் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க வாசல்ல சோத்துக்கு வந்து நிக்கக்கூடாதுன்னுதான் மெஷின் வாங்கினேன். அது ஓடலன்னா இங்கதான் வந்து நிக்கணும். நிக்கட்டுமா?"

அவர் தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, மேலே கிடந்த தோலைத் தானே இழுத்துக் கீழே போட்டார். "ஆளுங்களைக் கூப்புடு மேஸ்திரி" என்றார்.

தோலை எடுத்த பிறகுதான் நிலைமை தெரிந்தது. சுவரடியில் காரையே இல்லை. ஒரு கல்லைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. காதர் பாயின் முகம் செத்துப்போனது. அவர் பிள்ளைகள் படுப்பது அதற்கு நேர் மேலே, மாடியில். முட்டுக் கொடுத்துக் கல் மாற்றினேன். உப்பை இரண்டு பக்கமும் இழுத்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினேன். சிமெண்டைக் கிட்டே சேர்க்கவில்லை. சொன்னபடியே தோலுக்குச் சுவரைவிட்டு ரெண்டடி தள்ளி, தண்ணீர் வெளியே போகிற வாட்டத்தோடு மேடையும் கட்டிக் கொடுத்தேன்.

மழை பிடித்தது. சுவர் காய்ந்தே நின்றது. கம்பெனி வண்டி வந்து வேலையை இறக்கிவிட்டுப் போயிற்று. மெஷின் ஓடும் சத்தத்தை அன்று வாசலில் நின்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

இப்போது கரணை பிடித்துப் பூச்சு வேலை பழகுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உளியை எடுக்கும் முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். அவர்கள் குடும்பச் சண்டை நமக்கெதற்கு என்று ஒதுங்கினால், நீங்கள் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அது நிற்காது.