உறவு: தங்கை

மலையாள எல்லையோரத்து எங்கள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்கா கண்டக்டர்களைவிடச் சத்தமாகக் கூவுவாள். "கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி! ஏறு, ஏறு!" ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சேலை. ஊர், பேர் கேட்டால் கல்லெடுப்பாள். தெருவில் கிடக்கும் மனநோயாளிகளிடம் பேசிப் பழகி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று எங்கள் காலேஜிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம். ஒரே மாதத்தில் நான் மட்டும் மிஞ்சினேன்.

கையில் கொடுத்தால் வாங்கமாட்டாள். தினம் காலையில் பன்னையும் டீயையும் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளி உட்காருவேன். "என்னங்க அம்மிணி, பைத்தியத்துக்கு டியூசனுங்களா?" என்பார் ஒரு கண்டக்டர். "சேருங்க, உங்களுக்கும் எடுக்கறனுங்க" என்பேன். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை அப்போது.

மூன்றாம் மாதம் டீயை என் கையிலிருந்தே வாங்கினாள். "சர்க்கரை பத்தலை, அம்மிணி." அடுத்த வாரம், "நீ கூட வந்தா வாறேன்" என்றாள்.

மனநோய் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கையெழுத்துக் கேட்டார்கள். இல்லாவிட்டால் போலீஸ், கோர்ட்டு. போலீஸ் என்றதும் அவள் வாசலைப் பார்த்தாள். ஓடிவிடுவாள். சட்டென்று பேனாவை எடுத்து, உறவு: தங்கை என்று எழுதி, எங்கள் வீட்டு விலாசத்தையும் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கிருந்த பெருமை!

ஆறு மாதம் கழித்து மலையாளத்தில் ஒரு கார்டு. உங்கள் அக்காவுக்குக் குணமாகிவிட்டது, வந்து அழைத்துப்போகவும். பொள்ளாச்சிக்காரர்கள் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"எந்த அக்காடி?" என்றாள் அம்மா. எல்லாவற்றையும் சொன்னேன். "கிறுக்குப் புடிச்ச குடும்பம்னு அவங்க காதுக்குப் போச்சுன்னா?"

"ஊட்டுக்கே கூட்டிட்டு வந்தர்லாம்மா. பின்னாடி ரூம் சும்மாத்தானே கெடக்குது?"

அப்பா கத்தவில்லை. என் பேனாவையே எடுத்துவந்து நீட்டினார். "நீ எழுதுனதை நீயே மாத்தி எழுதிரு, கண்ணு."

எழுதினேன். அவர் எனக்கு உறவில்லை, தவறாக எழுதிவிட்டேன். இரண்டே வரி. தபால் பெட்டியில் போட்டதும் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

பதில் வந்தது. பொறுப்பேற்க ஆளில்லாததால் அவரை வெளியே அனுப்ப இயலாது. அதன் கீழே பென்சிலில், யாரோ நர்ஸாக இருக்கவேண்டும்: 'தங்கச்சி வரும் என்று துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொல்லட்டும்?'

பொள்ளாச்சிக்காரர்கள் வரவேயில்லை. எனக்கு நிறம் பத்தலையாம்.

போன வாரம், ரொம்ப நாள் கழித்துப் பார்த்த அந்தக் கண்டக்டர் கேட்டார்: "உங்க ஸ்டூடண்டைக் காணமுங்களே, அம்மிணி?"

"குணமாயிருச்சுங்க" என்றேன்.