சஹானாவுக்கு மேல் பதிந்த கல்யாணம்

போன வாரம் மேலகரம் தாண்டி அருவிக்குப் போகிற வண்டிகளின் நெரிசலில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கேரளத்துக் காரிலிருந்து நாகஸ்வரத்தில் சஹானா வழிந்தது. எல்லோருக்கும் அது மனதைக் குளிரவைக்கும் ராகம். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

எனக்குப் பாட வராது. நான் முனகினால் எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விடும். கேட்கத் தெரியும், அவ்வளவுதான். மழைக்காலைக்குத் தோடி, சமையலறைக்கு மோகனம். சஹானா மட்டும் அக்காவுக்கும் எனக்கும் பொது.

தென்காசிக் கோயில் திருவிழாவில் ஒரு சாயங்காலம் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்து நாகஸ்வரத்தில் வந்த சஹானாவைப் பதிந்தேன். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். வாசல் காற்றும் சேர்ந்தே பதிவானது. ஆலாபனை முடிகிற இடத்தில் அக்கா குரல்: "என்னட்டி, அழுவுதியா? கண்ணுல தூசின்னு சொல்லிக்கோ." பிறகு அவள் சிரிப்பு.

மறு ஆடியில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோனது. கேசட் அவள் வீட்டில் இருந்தது. கேட்கும்போதெல்லாம், "தேடித் தாரேன்" என்பார் அத்தான். வருஷம் திரும்புமுன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். ஒருநாள் போயிருந்தபோது, "எங்க கல்யாணத்தக் கேளு" என்று அவரே ஒரு கேசட்டைப் போட்டார். உறையில் என் கையெழுத்து. உள்ளே கெட்டிமேளம், வாழ்த்துப் பேச்சு, யாரோ இருமுகிற சத்தம். கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன். அக்கா இல்லை.

"ஒரு கேசட்டுக்கா இம்புட்டு அழுக? புதுசு வாங்கித் தாரேன்" என்றார்.

நான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். அவருடைய மணிவிழா வந்தது. "பாட்டுத் தெரிஞ்சவ நீதான், மேளத்துக்கு நீயே சொல்லிரு" என்றார். மேளக்கார அண்ணாச்சியிடம் முகாரி கேட்டேன். "மங்கல வீட்ல அத வாசிக்க மாட்டேம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படியானால் சஹானா என்றேன்.

அருமையாக வாசித்தார். அத்தான் மாலையும் கழுத்துமாகத் தலையாட்டினார். மேளம் ஓய்ந்ததும், "ஏ பிள்ள, நல்லாருக்கே! இது என்ன பாட்டு?" என்றார்.

"சஹானா, அத்தான். எங்கக்கா பேச்சு இருந்த கேசட்ல இதுதான் இருந்துச்சு. அதுமேலதான் நீங்க உங்க கல்யாணத்தப் பதிஞ்சிய."

சபைக்கே கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மனைவிக்கு, அவள் என்ன புதிது, கிழவியாகிவிட்டாள், அதுவரை விஷயம் தெரியாது. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். பந்திக்கு வரவில்லை. நான் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அத்தான் இப்போது இல்லை. அண்ணாச்சியும் போய்விட்டார். கைபேசியில் தட்டினால் எத்தனையோ சஹானாக்கள் வருகின்றன. அக்கா அன்று சொன்னது ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. எந்தக் குரலில் சொன்னாள் என்பதுதான் மறந்துபோயிற்று. செத்தவரை மன்னித்துவிடு என்கிறார்கள். மாட்டேன்.